செம்பருத்தி வெள்ளையாய்ப் பூத்தது!

"ஏம்மா, பூ மேல சுண்ணாம்பு அடிச்சியா?"

என் மாமியார் கேட்ட கேள்வி இது. அவர் கையில் இருந்தது நான் எடுத்த ஒரு போட்டோ. எங்கள் மூலக்குளம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் செம்பருத்திதான். தினமும் காலையில் சாமிக்குப் பறிக்கும் அதே இரத்தச் சிவப்புப் பூ. ஆனால் படத்தில் அது பாலில் தோய்த்தெடுத்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. பூ மட்டுமா? இலையும் வெள்ளை. பின்னால் இருந்த கறிவேப்பிலைச் செடி, மார்கழி மாதத்தில் மலைப் பிரதேசத்தில் பனி பெய்தது போல நின்றது. வானம் மட்டும் கறுத்துக் கிடந்தது.

"சுண்ணாம்பும் இல்லை, ஒண்ணும் இல்லை அத்தை. நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல எடுத்த படம்" என்றேன்.

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமா? அப்புறம் அதுக்கு எதுக்கு வெளிச்சம்னு பேரு?" என்றார் அவர்.

நியாயமான கேள்விதானே! பத்தாவது வரை படித்த நான் இதற்குப் பதில் சொல்லத் தடுமாறினேன். அதற்குப் பிறகு பையனைக் கேட்டும், படித்தும், கையால் செய்து பார்த்தும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை. பொழுதுபோக்காகத்தான் ஆரம்பித்தேன். கடைசியில் அது எங்கள் குடும்பத்தின் முப்பது வருடத் துக்கம் ஒன்றின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அதையும் சொல்கிறேன்.

பீரோவில் தூங்கிய காமிரா

போன போகிப் பண்டிகைக்கு வீட்டை ஒழித்தபோது இரண்டு பொருட்கள் அகப்பட்டன. ஒன்று, 2006-ல் என் வீட்டுக்காரர் வாங்கிய சின்ன டிஜிட்டல் காமிரா. பென்சில் பாட்டரி போடுவது. செல்போனிலேயே போட்டோ எடுக்கலாம் என்று வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. மற்றொன்று, 2002-ல் நடந்த எங்கள் திருமணப் போட்டோக்களின் நெகட்டிவ் பிலிம், ஸ்டூடியோக்காரர் கொடுத்த காகித உறையோடு.

இரண்டையும் குப்பையில் போடப் போனேன். கல்லூரியில் படிக்கும் என் மகன், "அம்மா, இருங்க. இந்த ரெண்டையும் வெச்சு ஒரு வேடிக்கை காட்டறேன்" என்றான்.

முதலில் டி.வி. ரிமோட்டை எடுத்தான். அதன் முனையில் இருக்கும் சின்ன பல்பைக் காமிராவுக்கு நேராகப் பிடித்து பொத்தானை அழுத்தினான். நேரில் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. காமிராவின் பின்பக்கத் திரையில் பார்த்தால், ஊதா கலந்த வெள்ளையாய் ஒரு பொறி மின்னி மின்னி அணைந்தது! இத்தனை வருடமாக நான் கையில் பிடித்திருக்கும் ரிமோட்டுக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

அதுதான் அகச்சிவப்புக் கதிர். வானவில்லில் ஊதாவில் தொடங்கிச் சிவப்பில் முடியும் ஏழு நிறங்களைத்தான் நம் கண் பார்க்கும். சிவப்போடு வெளிச்சம் முடிந்துவிடவில்லை. அதற்கு அப்பாலும் தொடர்கிறது. நம் கண்தான் அங்கே கதவைச் சாத்திவிடுகிறது.

இதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷெல். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இசைக்கலைஞர், பிறகு வானியல் அறிஞர். 1800-ல் சூரிய வெளிச்சத்தை முப்பட்டைக் கண்ணாடி வழியாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியில் சூடு இன்னும் அதிகம் ஏறிற்றாம்! இவருடைய தங்கை கரோலின், அண்ணனுக்கு வீடும் பார்த்து, இரவெல்லாம் விண்மீன் கணக்கும் எழுதியவர். தாமாகவே 8 வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்தார். 1787 முதல் அவருக்கு அரசாங்கமே வருடத்துக்கு 50 பவுன் சம்பளம் கொடுத்தது. வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு வானத்தையும் பார்த்த அந்தப் பெண்மணியை நினைத்தால் நமக்கும் ஒரு தெம்பு வருகிறது, இல்லையா?

காமிராவுக்கு எப்படித் தெரிகிறது?

காமிராவுக்குள் படம் பிடிக்கும் சில்லு சிலிக்கானால் ஆனது. நம் கண் பார்ப்பது சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளி அலைகளை. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் நானோமீட்டர்.) சிலிக்கான் சில்லோ ஏறக்குறைய 1,100 வரை பார்க்கும். அப்படியே விட்டால் படத்தின் நிறம் கெட்டுவிடும் என்று, அதன் முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடியைப் பொருத்திவிடுகிறார்கள். சில பழைய சின்னக் காமிராக்களில் இந்தக் கண்ணாடி அவ்வளவு கண்டிப்பானதில்லை. கொஞ்சம் கசியவிடும். அந்தக் கசிவுதான் நமக்கு வேண்டியது.

உங்கள் வீட்டுக் காமிரா தேறுமா என்று அறிய ரிமோட் சோதனை போதும். திரையில் பொறி பளிச்சென்று தெரிந்தால் தேறும். செல்போனில் பின்பக்கக் காமிராவில் தெரியாமல் போகலாம். முன்பக்கக் காமிராவில் செய்து பாருங்கள், சிலவற்றில் தெரியும்.

அடுத்து, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுத்து, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விட வேண்டும். காமிராக் கடைகளில் 720 நானோமீட்டர் வடிகட்டி என்று கேட்டால் கிடைக்கும். நான் வாங்கவில்லை. கழுவிய கலர் நெகட்டிவின் தொடக்கத்தில், படம் விழாமல் வெளிச்சம் பட்டுக் கறுப்பாகிப் போன ஒரு முனைத் துண்டு இருக்கும். அது கண்ணுக்குக் கன்னங்கரேல்தான். அகச்சிவப்புக்கோ அது கண்ணாடி மாதிரி! எங்கள் கல்யாண உறையில் அப்படி இரண்டு துண்டுகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டேன்.

செய்முறை

மருந்து அட்டைப் பெட்டியை வெட்டிக் கறுப்புத் தாள் ஒட்டி, காமிராவின் மூக்கு நுழையும் அளவுக்கு ஒரு குழாய் செய்தேன். அதன் வாயில் பிலிம் துண்டுகளை வைத்து, எலக்ட்ரீஷியன் ஒட்டும் கறுப்பு டேப்பால் ஓரத்தில் வெளிச்சம் புகாமல் ஒட்டினேன். காமிராவின் கண்ணாடியில் டேப் படக் கூடாது. பசை ஒட்டினால் போகாது.

பூவை நெருங்கி எடுக்க, காமிராவில் ஒரு பொத்தானின்மேல் சின்னப் பூப் படம் போட்டிருக்கும். அதை அழுத்தினால் அரை சாண், சில காமிராக்களில் அதற்கும் குறைவான தூரத்தில்கூடத் தெளிவாக எடுக்கலாம். பெரிதாக்கும் விசையை, அதாவது ஜூமை, தொடாமல் விடவும்.

பிலிம் வழியாக வரும் வெளிச்சம் மிகக் குறைவு. ஆகையால் 1 வினாடி, 2 வினாடி என்று காமிரா கண் திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்தால் ஆடிவிடும். நான் முக்காலியின்மேல் ஒரு கிலோ அரிசிப் பையை வைத்து, அதில் குழி செய்து காமிராவை உட்கார வைத்தேன். பத்து வினாடி கழித்துத் தானே படம் எடுக்கும் வசதி எல்லாக் காமிராவிலும் உண்டு. அதை வைத்தால், பொத்தானை அழுத்தும் ஆட்டமும் இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. கறுப்புப் பிலிம் முன்னால் இருந்தால் காமிரா தடுமாறும், குவியம் பிடிக்காது. நான் குழாயைப் போடாமல் பொத்தானை அழுத்துவேன். காமிரா பூவைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பத்து வினாடிக்குள் குழாயை மெதுவாக முன்னால் வைத்துவிடுவேன். திறந்திருக்கும் நேரத்தை நாமே வைக்கும் வசதி இருக்கும் காமிராவில்தான் இது சரிப்படும். என்னுடையதில் இருக்கிறது. 1 வினாடியில் தொடங்கி 2, 4 என்று மாற்றிப் பார்த்தேன்.

அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியில் கொஞ்சம் குறைவாகத்தான் வளையும். ஆகவே படம் சற்று மங்கினால், குவியம் பிடித்த பிறகு பூவை ஒரு நூல் அளவு பின்னால் தள்ளுங்கள். தொட்டிச் செடியானால் இது சுலபம்.

காற்றுதான் பெரிய எதிரி. காலை 9 மணிக்கு நல்ல வெயில் வந்து, காற்று எழும்புவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். காம்பின் பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சியை ஊன்றி, நூலால் தளரக் கட்டிவிடுங்கள். முதல் நாள் எனக்கு 23 படங்கள் வீண். பிலிம் இல்லாத காலம் பிழைத்தது, காசு போகவில்லை!

படம் முதலில் சிவப்பாகவோ ஊதாவாகவோ வரும். பயப்பட வேண்டாம். காமிராவிலேயே கறுப்பு-வெள்ளை என்று மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

வெயில் இல்லாத நாளில் வீட்டுக்குள் எடுக்கலாமா? எடுக்கலாம். ஆனால் எல்.ஈ.டி. பல்பிலும் டியூப்லைட்டிலும் படம் இருட்டாகத்தான் வரும். அவற்றில் இந்தக் கதிர் மிகக் குறைவு. பழைய குண்டு பல்பு ஒன்று பரணில் இருந்தால் எடுங்கள். அது எரிக்கும் கரண்டில் பெரும் பங்கு அகச்சிவப்பாகத்தான் போகிறது. நமக்கு மின்சாரக் கட்டணத்தில் நஷ்டமாய் இருந்தது, இந்தப் படத்துக்கு லாபம்! பல்பு சுடும். குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

பூவுக்குள் என்ன தெரிந்தது?

சிவப்புச் செம்பருத்தி, மஞ்சள் செம்பருத்தி, கனகாம்பரம், சங்குப்பூ என்று வரிசையாக எடுத்தேன். எல்லாம் வெள்ளை! செம்பருத்தியின் நடுவில் இருக்கும் கருஞ்சிவப்புப் பொட்டு போன இடம் தெரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தலையில் வைக்க வாங்கிய கதம்பத்தை எடுத்துப் பார்த்தேன். மல்லி எது, கனகாம்பரம் எது, மரிக்கொழுந்து எது என்று நிறத்தைக் கொண்டு சொல்ல முடியவில்லை. ஒவ்வொன்றின் வடிவத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

காரணம் இதுதான். பூவுக்கு நிறம் தருவது அதில் கரைந்திருக்கும் சாயப் பொருள். சிவப்புச் சாயம் பச்சை, நீல வெளிச்சத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அகச்சிவப்பை எந்தப் பூவின் சாயமும் அநேகமாக விழுங்குவதில்லை. அது இதழுக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் நுண்ணறைகளிலும் காற்று இடைவெளிகளிலும் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது. சர்க்கரைத் துகள் ஒவ்வொன்றும் கண்ணாடி போல் இருந்தாலும், குவியல் வெள்ளையாய்த் தெரிகிறதல்லவா? அது போலத்தான். இலை வெள்ளையாய்த் தெரிவதற்கும் இதே காரணம். 1910-ல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வுட் இப்படிப்பட்ட படங்களை முதன்முதலில் வெளியிட்டார். அவர் பெயராலேயே இந்த இலை வெண்மையை 'வுட் விளைவு' என்கிறார்கள்.

நிறம் போனதால் நஷ்டமில்லை. நிறம் மறைத்துவைத்திருந்த சங்கதிகள் வெளியே வந்தன. இதழின் நரம்பு, விளிம்பின் சுருக்கம், மகரந்தத் தண்டின் நிழல் எல்லாம் பென்சிலால் வரைந்தது போல இருந்தன. புதுச்சேரியின் மாநிலப் பூ நாகலிங்கப்பூ என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வழியில் ஒரு கோயிலில் கீழே விழுந்து கிடந்த ஒன்றைக் கொண்டுவந்து குண்டு பல்பில் எடுத்தேன். குடை போல் கவிந்த பாகமும், அதற்குள் பொடிப் பொடியாய் நிற்கும் இழைகளும், சங்கில் செதுக்கிய சிற்பம் போல் வந்தன.

பூக்களின் நிறத்தை நம்மவர் ஒருவரே ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். 1888-ல் திருவானைக்காவலில் பிறந்து, 1930-ல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன்தான். எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1960-களில், பெங்களூரில் பூக்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் எந்த வெளிச்சத்தை விழுங்குகிறது என்று பார்த்தார். கண் எப்படி நிறத்தைக் காண்கிறது என்பது பற்றி 1968-ல் ஒரு நூலும் வெளியிட்டார். 1970-ல் காலமானார்.

அதே 1970-ல் அவரிடம் முன்பு ஆராய்ச்சி செய்த டாக்டர் பி.ஆர். பிஷாரட்டி, கேரளத்தில் வேர்வாடல் நோயால் மடிந்த தென்னைகளை ஹெலிகாப்டரில் பறந்து அகச்சிவப்புப் பிலிமில் படம் எடுத்தார். நல்ல மரமும் நோயுற்ற மரமும் படத்தில் வேறு வேறாய்த் தெரிந்தன. இந்தியாவில் தொலை உணர்வு என்ற துறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி. பிறகு 1988 மார்ச் 17-ல் ரஷ்யர்களின் ராக்கெட்டில் பறந்த நம் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளிலும் அகச்சிவப்பைப் பார்க்கும் காமிரா இருந்தது. மேலிருந்து வயலையும் காட்டையும் பார்க்க இன்றும் இதே வழிதான் உதவுகிறது. நம் கொல்லைச் செம்பருத்தி வெள்ளையாவதும், வானத்திலிருந்து பாகூர் நெல் வயலைப் பார்ப்பதும் ஒரே வித்தை!

வீட்டிலும் மருத்துவமனையிலும்

கொரோனா காலத்தில், 2020, 2021-ல், விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அந்தச் சின்னக் கருவிக்குள் இரண்டு வெளிச்சங்கள். ஒன்று சிவப்பு, நம் கண்ணுக்குத் தெரியும். மற்றொன்று அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் விழுங்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்கு. இந்த யோசனையை 1974-ல் ஜப்பானில் டகுவோ அயோயாகி என்பவர் கொடுத்தார். கைக்குழந்தைக்கு ஊசி போட நரம்பு தெரியாதபோது, சில மருத்துவமனைகளில் கையின்மேல் ஒரு வெளிச்சம் காட்டி நரம்பைக் கண்டுபிடிப்பதும் அகச்சிவப்பால்தான்.

நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கும் கருவியும் அகச்சிவப்புதானே என்று கேட்கலாம். அது நம் உடம்பே வெளிவிடும், இன்னும் நீளமான அலை. நம் காமிரா அதைப் பார்க்காது. ஆகவே இந்தக் காமிராவால் காய்ச்சல் பார்க்கலாம், ஆளின் சூட்டைப் படம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அண்ணனின் கண்

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன துக்கத்துக்கு வருகிறேன்.

1995 அக்டோபர் 24. தீபாவளி முடிந்த மறுநாள். அன்று காலை சூரிய கிரகணம். வட இந்தியாவில் முழுக் கிரகணம், நம் பக்கத்தில் ஒரு பகுதிதான் மறைந்தது. எனக்கு 14 வயது, என் அண்ணனுக்கு 17. பாகூரில் எங்கள் பிறந்த வீட்டு மொட்டை மாடியில், யாரோ கொடுத்த கறுப்புப் பிலிம் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு அண்ணன் கிரகணம் பார்த்தார். "சூரியன் நிலா மாதிரி இருக்கு, கண்ணே கூசலை" என்று சொல்லிச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கும் தரச் சொல்லி அழுதேன். தரவில்லை. அன்று அவர் மேல் வந்த கோபம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மறுநாள் காலை பேப்பர் படிக்க உட்கார்ந்தவர், "நடுவுல எழுத்து தெரியலை" என்றார். வலி இல்லை, சிவப்பு இல்லை, தண்ணீர் வடியவில்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை வெந்துவிட்டது என்றார். விழித்திரைக்கு வலி தெரியும் நரம்பே கிடையாதாம். அதனால்தான் வேகும்போதே தெரிவதில்லை. சிலருக்குச் சில மாதங்களில் பார்வை தானே திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். அண்ணனுக்கு இடது கண் தேறியது. வலது கண்ணின் நடுவில் ஒரு கறை நின்றுவிட்டது. அவர் தையல்காரரானார். இன்றும் ஊசியில் நூல் கோக்க முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கோப்பார்.

எங்கள் அம்மா இதற்குத் தன்னையே நொந்துகொண்டார். "கிரகண நேரத்துல நான் அடுப்பு மூட்டினேன், அந்தப் பாவம்தான் பிள்ளை கண்ணுல விழுந்திச்சு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பிலிம்தான் வெளிச்சத்தைத் தடுத்ததே, அப்புறம் எப்படிக் கண் கெட்டது என்ற கேள்விக்கு வேறு யாரும் அவருக்குப் புரியும்படி பதில் சொல்லவில்லை.

அன்று கொல்லையில், கறுப்புப் பிலிம் வழியாக என் செம்பருத்தி வெள்ளை வெளேரென்று ஜொலிப்பதைப் பார்த்தபோது, என் கையெல்லாம் சில்லென்று ஆகிவிட்டது. கண்ணுக்குக் கறுப்பாய்த் தெரிந்த பிலிம் கறுப்பே இல்லை! கலர் பிலிமைக் கழுவும்போது அதிலிருக்கும் வெள்ளியை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது சாயம்தான். பூவின் சாயம் போலவே அந்தச் சாயமும் அகச்சிவப்பைத் தாராளமாக உள்ளே விட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதால் கண் கூசாது, இமை மூடாது, பாப்பாவும் சுருங்காது. கூசினால் முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அந்த இயற்கைக் காவலும் போய்விடுகிறது. அகச்சிவப்பும், பிலிமையும் மீறி வரும் மிச்ச வெளிச்சமும் திறந்த கண்ணுக்குள் நிமிஷக் கணக்கில் விழுகின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அம்மாவும் வந்தார்கள். பிலிம் துண்டை அண்ணன் கையில் கொடுத்தேன். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலையே பாப்பா. இருட்டா இருக்கு."

"அதே பிலிமை வெச்சுத்தான் அண்ணா இதை எடுத்தேன்" என்று படத்தைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு. "அப்போ, அத்தினி நேரமும் கதவு தொறந்துதான் இருந்திருக்கு" என்றார்.

அம்மாவுக்கு நான் மூன்று முறை விளக்கினேன். மூன்றாவது முறை சொல்லி முடித்ததும், "அப்போ அடுப்பால இல்லியா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி போட எழுந்து போய்விட்டார். அண்ணனின் கண் திரும்பவில்லைதான். ஆனால் அம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

தாய்மார்களுக்கு

இந்தப் போட்டோ விளையாட்டை உங்கள் குழந்தைகளோடு நீங்களும் விளையாடுங்கள். ஆனால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள்.

• கறுப்புப் பிலிம், அகச்சிவப்பு வடிகட்டி இவற்றைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. காமிராவையும் சூரியனுக்கு நேரே திருப்ப வேண்டாம். வேலை முடிந்ததும் பிலிம் துண்டை உறையில் போட்டுப் பூட்டிவையுங்கள்.

• கிரகணம் பார்க்க எக்ஸ்ரே பிலிம், புகை பிடித்த கண்ணாடி, கம்ப்யூட்டர் சி.டி., கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. தாம்பாளத்தில் மஞ்சள் நீரோ சாணி நீரோ வைத்து அதில் சூரியனைப் பார்ப்பதும் கண்ணுக்கு நல்லதல்ல.

• ஐ.எஸ்.ஓ. 12312-2 என்று முத்திரையிட்ட கிரகணக் கண்ணாடி மட்டுமே நேரில் பார்க்க ஏற்றது. கீறலோ ஓட்டையோ இருந்தால் அதையும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

• செலவில்லாத வழி ஒன்று உண்டு. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சல்லடைக் கரண்டியை வெயிலில் பிடித்து, அதன் நிழலைத் தரையில் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறைச் சூரியன் விழும். வேப்ப மர நிழலிலும் இலை இடுக்கு வழியாக இதே வேடிக்கை தெரியும். குழந்தைகள் கண்ணை உயர்த்தாமலே கிரகணம் பார்த்துவிடலாம்.

• வெயிலைப் பார்த்த பிறகு குழந்தை, "நடுவில் தெரியவில்லை", "கோடு வளைந்திருக்கிறது" என்று சொன்னால், வலி இல்லையே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அந்தச் செம்பருத்திப் படத்தை அண்ணன் கேட்டு வாங்கிப் போய், கடையில் தையல் மிஷினுக்கு எதிரே மாட்டியிருக்கிறார். துணி தைக்க வரும் பெண்கள், "இது என்ன பூ அண்ணே? இந்த வெள்ளையில நாங்க பார்த்ததே இல்லையே" என்று கேட்கிறார்களாம். அண்ணன் ஊசியைக் குத்திவைத்துவிட்டு, 1995-ல் தொடங்கிக் கதை சொல்கிறாராம். கேட்டுக்கொண்டு போகும் தாய்மாரில் ஒருத்தியாவது வீட்டுக்குப் போய்ப் பழைய பிலிமைத் தேடிப் பத்திரப்படுத்தினால், என் அரிசிப் பை போட்டோகிராபிக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறு வேண்டாம்.

என் மாமியார் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. நேற்றும் சொன்னார்: "எல்லாம் சரிம்மா. ஆனா சாமிக்கு வைக்கறதுக்குச் சிவப்புதான் அழகு."

அதுவும் சரிதான்!